கடைக்கே வந்துவிடட்டுமா என்று கேட்ட மகனுக்கு

எய்யா,

முந்தாநாள் போனில் நீ, ‘எம்மா, நான் இதெல்லாம் விட்டுட்டு நம்ம கடைக்கே வந்துரட்டுமா?’ என்று கேட்டாய். ‘கடையில ஆள் நிக்காவ, பொறவு பேசுதேன்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் அப்போது ஈ, காக்கை கிடையாது. உன் அப்பா புதியம்புத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்ததால் பஜாரில் நடமாட்டமே இல்லை. நான் மட்டும் நைட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் இல்லை. பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ‘வா’ என்பதுதான் அந்தப் பதில்.

போனிலேயே மறுபடியும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். நீ ‘ம்’ என்பாய். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்பதையும் நானே சொல்லி, அதற்குப் பதிலையும் நானே சொல்லி முடித்துவிடுவேன். எழுதினால் அந்த வம்பு இல்லை. நான் என் பாட்டுக்குச் சொல்லுகிறேன், நீ உன் நேரத்துக்குப் படி. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பில் போடுவதைத் தவிர வேறு எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. ஹாஸ்டலில் உன் அறைப் பையன் எட்டிப் பார்த்துப் படித்தாலும் பரவாயில்லை, அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அசதியாக இருக்கிறது. ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எப்போது இறக்குவோம் என்று இருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டு குரல் பாதிதான் வருகிறது. இந்தக் கடையே வாயால் ஓடுகிற கடை. ‘யக்கா, இது சாயம் போவுமா?’ என்று கேட்பார்கள். ‘போவாது தாயி, நான்தான் கட்டுதேன், பாரு’ என்று என் சேலையையே காட்ட வேண்டும். சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸில் சம்பளம் போட்டதும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தெம்பாக இருக்கும். இப்போது பாதிப் பேர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போனை எடுத்து அதில் என்ன விலை என்று பார்க்கிறார்கள். நான் அவர்கள் பார்த்து முடிக்கும் வரை சிரித்த முகமாக நிற்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கோ சுகர் வந்ததிலிருந்து மாடிப்படி ஏறி இறங்க முடியவில்லை. நீ வருகிறேன் என்று சொன்னதை அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். ‘வாரதுன்னா வரட்டும்ளா. எனக்கும் கை ஓஞ்சுதான் போச்சு’ என்றார். கடையை அடைப்பதற்கு முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளை எல்லாம் ஒதுக்கி, ஒரு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் பண்ணினார். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

முந்தாநாள் நீ பேசியதுதான் பிறந்ததிலிருந்து நீ பேசியதிலேயே நீளமான பேச்சாக இருக்கும். காலேஜில் முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேரும் ஊரும் சொல்லச் சொன்னார்களாம், பேர் வந்ததாம், ஊர் வரவில்லையாம். யாரோ சிரித்தார்களாம். அதிலிருந்து கடைசி பெஞ்சுதானாம். சாப்பாட்டுக்கு எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் போவாயாம். அதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடலைமிட்டாய் டப்பா விஷயத்தைச் சொன்னாய் பார், அப்போதுதான் வந்தது. தீபாவளிக்கு வந்தபோது ‘எல்லாரும் நல்லா சாப்பிட்டாவ’ என்று சொன்னாயே, அது பொய்யா?

அது முழுக்க முழுக்க என் யோசனை. நம் பஜாரில் புதிதாக ஒரு கடை திறந்தால் எதிர்க்கடை, பக்கத்துக் கடை என்று வரிசையாக ஏறி மிட்டாய் கொடுத்து, ‘வந்திருக்கோம் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க’ என்று சொல்வார்கள். அத்தோடு சரி. அதன் பிறகு அவர்கள் நம் ஆட்கள். சில்லறை மாற்றுவார்கள், நாம் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த உலகம் இதுதான். அதனால் உன்னை ரயில் ஏற்றும்போது பெரிய டப்பா நிறையக் கடலைமிட்டாயை வைத்து, ‘போனதும் உன் மாடியில உள்ள ரூம் எல்லாத்துக்கும் கொண்டு போயி கொடு, தன்னால பழக்கமாயிரும்’ என்று சொல்லி அனுப்பினேன். பேரையும் ஊரையும் சேர்த்துச் சொல்ல முடியாத பிள்ளை ஒவ்வொரு கதவாகத் தட்டி மிட்டாய் கொடுப்பான் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ. நீ அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். சென்னை மழையில் அது நமுத்து, எறும்பு பிடித்து, அந்த எறும்பு உன் அறையோடு நிற்காமல் அடுத்த அறைக்கும் போய், அங்கே ஒருத்தன் சட்டைக்குள் ஏறி, எல்லாரும் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்தபோது நீ அங்கேயே நின்றுகொண்டிருந்தாயாம். அன்றிலிருந்து உன் பேர் ‘எறும்பு’. உன் சொந்தப் பேரே அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை என்றாய். அப்பாவிடம் சொன்னதற்கு, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘பிள்ளை அங்கன செத்துப் பிழைச்சுக்கிட்டு கெடக்கான், சிரிக்கியளா?’ என்று சண்டை போட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘மிட்டாய கொடுத்து விட்டது நீதான?’ என்றார். எழுந்து போய் மாவு பிசைந்தேன்.

உன் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் என்மேல்தான் சந்தேகம் வருகிறது. நான் வாயாடி என்பதால் நீ ஊமை ஆனாயோ என்று. கடைக்கு வருகிறவர்கள் ‘எத்தனாங் கிளாஸ்யா படிக்க?’ என்று உன் தாடையைப் பிடித்துக் கேட்டால், நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். பல் ஆஸ்பத்திரியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஆறேழு வயது. ஆடிக்கொண்டிருந்த பல் இரண்டு. வலித்தது ஒன்று. டாக்டர் உன்னிடம்தான் எது என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து, ‘மேல் பல்லுதான் சார், ராத்திரியெல்லாம் தூங்கலை’ என்றேன். அவரும் பிடுங்கிவிட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்திருந்த நீ, இலுப்பையூரணி தாண்டின பிறகு மெதுவாக, ‘எம்மா, வலிச்சது கீழ் பல்லு’ என்றாய். பால்பல்தானே, எப்படியும் விழ வேண்டியதுதானே என்று நானும் அப்பாவும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த பிள்ளை, தப்பான பல்லில் இடுக்கி வைக்கும்போதும் சொல்லாமல் இருந்தானே என்று இருக்கிறது. பழகு, சிரி, நாலு பேரோடு கல என்றெல்லாம் நான் உனக்கு இனிமேல் சொல்லப்போவதில்லை. என் யோசனையின் லட்சணம் அந்த டப்பாவிலேயே தெரிந்துபோனது. ஆனால் இது ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வலிக்கிற இடத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடு. மற்றதற்கெல்லாம் ‘ம்’ போதும்.

நான் ஒன்றும் பிறக்கும்போதே வாயாடி இல்லை. கயத்தாறுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணம் முடிந்து வந்தவள், பஜாரை முன்னே பின்னே பார்த்தது கிடையாது. வந்த மாதமே உன் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாவாடை, நைட்டி அளவை ஆம்பிளையிடம் கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போகிறார்கள், அதனால் நீ வா என்றார். வந்தவர்களைவிட எனக்குத்தான் கூச்சம். தொங்குகிற நைட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். முதல் நாள் ஒரு அம்மா வந்து ‘ஆள் இல்லையாட்டி இங்கன?’ என்று கேட்கிறாள், நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா திட்டவில்லை. தைரியமும் சொல்லவில்லை. பிரித்துப் போட்டிருந்த துணிக் குவியலைக் காட்டி, ‘நீ பேசாண்டாம், இத மட்டும் மடிச்சு வையி’ என்றார். துணிக்கடையில் விற்கிற வேலையைவிட மடிக்கிற வேலைதான் ஜாஸ்தி. ஒருத்தி ஒன்று எடுப்பதற்குள் இருபதைப் பிரித்துப் போடுவாள். நான் குனிந்து மடித்துக்கொண்டே இருந்தேன். மடிக்கிறவளிடம் எல்லாரும் தன்னால் ஏதாவது கேட்பார்கள். இது பெரிய சைஸ் இருக்கா, கை நீளமா இருக்கா. நான் நிமிராமலேயே அதை எடுத்து நீட்டுவேன். பிறகு ‘இந்தாங்க’ என்று ஒரு வார்த்தை. பிறகு இரண்டு. முகத்தைப் பார்த்துப் பேச ஒரு தீபாவளி முழுசாக ஆனது. எனக்குத் தைரியம் வரவே இல்லை எய்யா, கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான். நீயும் ஆள் தேடிப் போகாதே, வேலையைத் தேடிப் போ. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்கு காலியாக இருந்தால் நிரப்பி வை. ஆய்வகத்தில் கழுவ வேண்டியது கிடந்தால் கழுவு. பேச்சு வந்தால் வரட்டும், வராவிட்டால் தண்ணீராவது நிறைந்திருக்கும்.

இப்போது தீபாவளி லீவு பேச்சுக்கு வருகிறேன். நீ அந்த நாட்களில் கடையில் எனக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசையாக இருந்தாய் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒத்தாசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ இருந்தது கடையில் இல்லை, மாடியில். சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சைஸ் வாரியாகப் பிரித்து, கீழே இருந்து நான் கத்துவதற்கு முன்பே படிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏறிப்போய்விடுவாய். ஒரு தரம் டீ கொண்டு மேலே வந்தேன். பெட்டிமேல் சாய்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகப் பஜாரைப் பார்த்துக்கொண்டு அத்தனை நிம்மதியாக இருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து வெகு நாளாயிற்று. சந்தோஷமாகத்தான் இறங்கி வந்தேன். முந்தாநாள் நீ கேட்ட பிறகுதான் அந்த முகம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நீ வருகிறேன் என்று சொல்வது கடைக்கு இல்லை, மாடிக்கு. நான் இருக்கும் வரை கீழே நின்று உனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். என் குரல் நிற்கிற அன்றைக்கு நீ அந்தப் பெட்டிகளுக்கு நடுவே என்ன செய்வாய்?

இவ்வளவும் தெரிந்தும் நேற்றுக் காலையில் உன்னை ‘வா’ என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. நீ குளிக்கப் போயிருந்தாய். உன் அறைப் பையன் எடுத்தான். ‘யாருங்க, எறும்பு அம்மாங்களா?’ என்றான். சுருக்கென்று இருந்தது. உடனே, ‘ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா, வாயில வந்துருச்சு’ என்று தடுமாறினான். ஈரோட்டுப் பக்கத்துப் பையன் என்று நீ சொல்லியிருந்தாய். மரியாதையான பேச்சாகத்தான் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, ‘சாப்பிடுதானா அவன்?’ என்று கேட்டேன். ‘சாப்பிடறானுங்கம்மா. சப்பாத்தி போடற அன்னிக்கு மட்டும் தொட மாட்டானுங்க. பிச்சு பிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுருவான். அதனால அன்னிக்கு மட்டும் நான் முன்னாலயே போயி தயிர்சாதம் வாங்கி வெச்சுருவனுங்க, லேட்டாப் போனா தீந்துருதுங்க’ என்றான். ‘அவன் வாங்கி வைக்கச் சொன்னானா?’ என்றேன். ‘அவன் எங்கீங்கம்மா சொல்றான்? நாமதான் பாத்துக்கோணும்’ என்றான். அதற்கு மேல் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. வைத்துவிட்டேன்.

எய்யா, அப்பாவுக்குச் சுகர் வந்ததிலிருந்து நம் வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்திதான். கடையை அடைத்துவிட்டு வந்து இரண்டு விதமாகச் சமைக்கத் தெம்பில்லாமல் எல்லாருக்கும் அதையே போட்டேன். எதிரே உட்கார்ந்து நீ தினமும் தின்றாய். ‘இன்னொண்ணு போடட்டா?’ என்று கேட்பேன், நீ ‘ம்’ என்பாய், போடுவேன். உனக்குப் பிடிக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். பெற்று வளர்த்த எனக்குத் தெரியாத ஒன்று, சில மாதம் பக்கத்துக் கட்டிலில் படுத்த பையனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதற்காக அழுதேன், பொறாமையிலும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன. ஆனால் முகம் கழுவிவிட்டு ஷட்டரைத் தூக்கும்போது ஒன்று புரிந்தது. என் வீட்டில் நீ பேசாதபோது உனக்காக நான் பேசினேன். அங்கே நீ பேசாதபோது ஒருத்தன் உன் தட்டைப் பார்த்திருக்கிறான். யாருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று நீ போனில் சொன்னாயே, அது சரியில்லை. அவனுக்கு நீ ஒரு வார்த்தை நன்றி சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டாய். சொல்லாவிட்டாலும் நாளைக்கு அவன் வாளியில் தண்ணீர் பிடித்து வை. ‘எறும்பு’ என்று கூப்பிடுவது உனக்கு வலிக்கிறதென்றால், அதை அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவன் கேட்டுக்கொள்வான் என்று அந்தக் குரலை வைத்து எனக்குத் தோன்றுகிறது.

நேற்று மத்தியானமே கடைக்கு ஆள் போட்டுவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்துவிட்டு, தீக்குச்சி மருந்து வாடை சேரவில்லை என்று நின்றுவிட்ட பிள்ளை. வெகு நாளாக வேலை கேட்டுக்கொண்டிருந்தாள். உன் அப்பா ஒதுக்கி வைத்த இடத்தில் அவளுக்கு நாற்காலி போட்டாயிற்று. அப்பா முகம் கொஞ்சம் சுண்டித்தான் போனது. ‘அவன் வாரேன்னு சொன்னானே’ என்றார். ‘சொன்னான். நான் வராண்டாம்னு சொல்லப்போறேன்’ என்றேன். அவர், ‘சரி, நீ சொன்னா சரிதான்’ என்றார். ஆளை அவசரமாகப் போட்டது வேலைக்காக மட்டும் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தால் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு, தொண்டை கட்டின ஒரு நாளில், நானே உன்னைக் கூப்பிட்டுவிடுவேன். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிஜமாகவே தாங்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் அது வேறு பேச்சு. அப்போது ஒரு வார்த்தை சொல், கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக, அம்மா பாவம் என்பதற்காக வராதே. பொங்கலுக்கு வா. வந்து நாலு நாள் நன்றாகத் தூங்கு. ராத்திரிக்கு உனக்குத் தனியாகச் சோறு வடிக்கிறேன். கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதே. லீவு முடிந்ததும் நானே வந்து ரயில் ஏற்றிவிடுகிறேன்.

கடைக்கு நீ வேண்டாம். எனக்கு வேண்டும்தான். அதற்காக வந்துவிடாதே.

அம்மா